குழலின் அளவு மட்டும் அரசாங்கத்துடையது: 1859 தன்னார்வலர் ரைபிள்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் ரைபிள் ஒன்று ஏலத்துக்கு வந்தால், விஷயம் தெரிந்தவர்களின் கண் முதலில் போவது, வெடிக்க வைக்க அடிக்கும் ‘குதிரை’ என்ற சுத்தியலுக்குக் கீழே இருக்கும் பூட்டுத் தகட்டுக்குத்தான். அரசுப் படைக்குச் செய்ததென்றால் அங்கே ஒரு கிரீடம், அதன் அடியில் ‘வி.ஆர்.’ என்ற எழுத்துகள், முன்பக்கம் ஆண்டும் ‘டவர்’ அல்லது ‘என்ஃபீல்டு’ என்ற பெயரும் இருக்கும். அரசாங்கச் சொத்து என்று காட்டும் அகன்ற அம்புக்குறியும் எங்காவது தென்படும்.

சில ரைபிள்களில் இது எதுவும் இருக்காது. ஆள் அதே ஆள்தான்: 1853 மாதிரி என்ஃபீல்டு, அல்லது அதன் குட்டைத் தம்பி. ஆனால் தகட்டில் ஒரு துப்பாக்கிக் கடைக்காரரின் பெயர், சுற்றி மெல்லிய பூவேலை. பிடிக்கும் இடத்தில் மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, வழுக்காமல் செய்திருப்பார்கள். இன்னும் வசதிக்காரர் என்றால் மரத்தில் பதித்த வெள்ளித் தகட்டில் அவருடைய முதலெழுத்துகள். யாரோ ஆசையாகச் சொந்தக் காசில் செய்து வாங்கிய சாமான் என்று பார்த்ததும் புரிந்துவிடும்.

அப்புறம் குழலின் பின்முனையில், குழல் வெடியைத் தாங்குகிறதா என்று பார்த்ததற்கான சோதனை முத்திரைகளுக்கு நடுவே, சின்னதாக ஒரு எண்: 25. அலங்காரமெல்லாம் வாங்கியவரின் விருப்பம். இந்த எண் மட்டும் அரசாங்கத்தின் நிபந்தனை. அது எப்படி அங்கே வந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

25 என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தை 25 சம உருண்டைகளாக வார்த்தால், ஒரு உருண்டை அந்தக் குழலின் துளைக்குச் சரியாக இருக்கும் என்று பொருள். அங்குலத்தில் சொன்னால் 0.577. பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டாவுக்கான அளவு அதுவேதான்.

கேப்பு வந்த கதை

முதலில் வெடிக்கும் முறையைப் பார்த்துவிடலாம். தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் கேப்பு துப்பாக்கியின் தத்துவம்தான்: சிட்டிகை ரசாயனம், அதன்மேல் ஒரு அடி, உடனே நெருப்பு. இதைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பக்கம் பெல்ஹெல்வி என்ற ஊரில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஃபார்சைத். நீர்ப்பறவை வேட்டைக்காரர். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் குண்டு கிளம்புவதற்கு முன்பே பொறியும் புகையும் வெளியே தெரிந்து, பறவை உஷாராகிவிடும். அதற்குத் தீர்வு தேடியவர், அடிபட்டால் வெடிக்கும் பல்மினேட் உப்பைப் பயன்படுத்தும் பூட்டு ஒன்றைச் செய்து 1807இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அந்த ரசாயனம் ஒரு குட்டிச் செம்புத் தொப்பிக்குள் போனது. நாம் கேப்பு என்பது அந்தத் தொப்பியைத்தான். அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பலர் சண்டை போட்டார்கள். அந்த வழக்குக்குள் நாம் போக வேண்டாம்.

ராணுவம் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1834இல் வூல்விச்சில் இரண்டு வகையிலும் 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கி 922 தடவை வெடிக்காமல் போனது. கேப்பு வெறும் 36. இதற்குப் பிறகும் எல்லாப் படைகளுக்கும் கேப்பு துப்பாக்கி போய்ச் சேர ஏறத்தாழ பத்து ஆண்டு ஆனது. 1853இல் வந்த என்ஃபீல்டு ரைபிளோ வேறு ரகம்: 39 அங்குலக் குழல், குண்டைச் சுழல வைக்க உள்ளே சுழன்று போகும் மூன்று பள்ளங்கள், அதாவது புரிகள், எடை நாலு கிலோவுக்குச் சற்று மேல்.

1859 மே 12

1858 ஜனவரியில் ஆர்சினி என்ற இத்தாலியர் பாரிஸில் மூன்றாம் நெப்போலியன் மீது குண்டு வீசினார். பேரரசர் தப்பிவிட்டார். குண்டு செய்யப்பட்டது பர்மிங்ஹாமில் என்று தெரிந்ததும் பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள் கொதித்தார்கள். இங்கிலாந்தில் படையெடுப்பு பயம் பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு வசந்தத்தில் பிரான்ஸ் இத்தாலியில் ஆஸ்திரியாவோடு போருக்கு இறங்க, பயம் இன்னும் முற்றியது. பிரிட்டிஷ் படையில் கணிசமான பகுதி 1857 கலகத்துக்குப் பின் இந்தியாவில் இருந்தது. வீட்டுக்குக் காவல் யார்?

ஊருக்கு ஊர் கனவான்கள் கூடி ‘நாங்களே படை திரட்டுகிறோம்’ என்றார்கள். டெவனில் 1852லேயே அப்படி ஒரு ரைபிள் படை உருவாகி அனுமதியும் வாங்கியிருந்தது. போர்த்துறை அமைச்சர் ஜோனத்தன் பீல் 1859 மே 12 அன்று மாவட்டப் பிரதிநிதிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். 1804ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தன்னார்வலர் படை திரட்டலாம். உறுப்பினர்கள் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். நாலு மாதத்தில் எட்டு நாள், அல்லது ஆண்டுக்கு 24 நாள் பயிற்சி. எதிரி கரையில் தென்பட்டால் அழைக்கப்படுவார்கள்.

முக்கியமான நிபந்தனை பணத்தைப் பற்றியது. துப்பாக்கி, சீருடை, மற்ற செலவு எல்லாம் உறுப்பினர்கள் பாடு. நிஜப் போருக்கு அழைத்தால்தான் அரசு கொடுக்கும். ஆனால் அவர்கள் வாங்கும் ஆயுதம் போர்த்துறையின் மேற்பார்வையில், ஒரே துளை அளவில் இருக்க வேண்டும். காசு உன்னுடையது, அளவு என்னுடையது.

இந்த வாக்கியத்தைக் கஞ்சத்தனம் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1848 ஏப்ரலில் ஓட்டுரிமை கேட்ட தொழிலாளர் இயக்கத்தாரான சார்ட்டிஸ்டுகள் லண்டன் கென்னிங்டன் பொதுவெளியில் கூடி, அரசாங்கம் நடுங்கி பதினோரு ஆண்டுதான் ஆகியிருந்தது. கூலிக்காரர் கையில் அரசே ரைபிளைக் கொடுப்பதா? கூலியாளுக்கு வாரத்துக்கு ஒரு பவுண்டுகூடத் தேறாத காலம் அது. ரைபிள், சீருடை, ஆண்டுச் சந்தா என்று சேர்த்தால் அவரால் கிட்டவே போக முடியாது. கணக்காகப் போட்ட வடிகட்டி அது. வக்கீல், வங்கி எழுத்தர், கடை முதலாளி, ஓவியர் எல்லாம் உள்ளே வருவார்கள். ஓவியர் என்று சும்மா சொல்லவில்லை. லண்டனில் கலைஞர்களுக்கென்றே ஒரு ரைபிள் படை உருவானது. லெய்ட்டன், மில்லே, வில்லியம் மோரிஸ் போன்றவர்கள் அதில் இருந்தார்கள்.

சரி, துளை அளவை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? அதற்குத் துப்பாக்கியைக் கெட்டித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வெடி, கிட்ட இருந்து

இடுப்புப் பையிலிருந்து ஒரு காகிதத் தோட்டாவை எடுக்கிறார் தன்னார்வலர். விரல் நீளத்துக்கு ஒரு காகிதக் குழாய். மேல் பாதியில் இரண்டரை டிராம் கரிமருந்து, நாலரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கீழ்ப் பாதியில் தலைகீழாக ஈயக் குண்டு, 530 கிரெயின், அதாவது 34 கிராம். குண்டைச் சுற்றிய காகிதத்தில் மெழுகு பூசியிருக்கும். மருந்து முனையைக் கிழிக்கிறார். மருந்தைக் குழலில் கொட்டுகிறார். மிச்சக் காகிதத்தைத் திருப்பி, மெழுகு பூசிய குண்டுப் பக்கத்தைக் குழல் வாயில் செருகுகிறார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெற்றுக் காகிதத்தை முறித்துப் போட்டுவிட்டு, இரும்புக் கம்பியால் குண்டை அடிவரை தள்ளுகிறார். துப்பாக்கியைத் தூக்கி, குதிரையைப் பாதி இழுத்து, காம்பு போன்ற சிறு குழாயின் மேல் கேப்பை மாட்டுகிறார். முழுதாக இழுத்துக் குறி பார்க்க வேண்டியதுதான் பாக்கி. பழகினவர் நிமிடத்துக்கு மூன்று வெடி வெடிப்பார்.

சூட்சுமம் குண்டின் அடியில் இருக்கிறது. அது குழிவாக இருக்கும். குழியில் ஒரு சின்ன மரக்கட்டை. குண்டின் குறுக்களவு துளையைவிடச் சற்றுச் சின்னது. முதலில் 0.568 அங்குலம், 1859 முதல் 0.55. அதனால்தான் பல வெடிக்குப் பிறகு கரி படிந்த குழலிலும் அது சுலபமாக இறங்குகிறது. மருந்து வெடிக்கும்போது அடிப்பகுதி விரிந்து புரிகளைப் பற்றிக்கொள்கிறது. சுழன்றபடி வெளியேறுகிறது.

இப்போது துளை கொஞ்சம் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சற்று அகலம் என்றால் விரிந்த குண்டும் புரியைப் பற்றாது, காற்று பக்கவாட்டில் தப்பும், குண்டு எங்கேயோ போகும். சற்று ஒடுக்கம் என்றால் பத்தாவது வெடியில் குண்டு பாதி வழியில் சிக்கும். எதிரி கரையில் இறங்கிய நாளில் ஒவ்வொரு ஊர்ப் படைக்கும் தனித்தனித் தோட்டா தேடி ஓட முடியாது. அரசுக் கிடங்கின் தோட்டா எல்லோர் குழலிலும் இறங்கியாக வேண்டும். 25 என்ற எண் அதற்கு உத்தரவாதம்.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பர்மிங்ஹாமில் துப்பாக்கி என்பது கைவேலை. பூட்டு செய்பவர் ஒருவர், குழல் உருட்டுபவர் ஒருவர், மரம் செதுக்குபவர் ஒருவர். ஒரு துப்பாக்கியின் திருகாணி இன்னொன்றுக்குப் பொருந்தாது. என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை அமெரிக்க எந்திரங்களை வரவழைத்து, பாகங்களை மாற்றிப் போடக்கூடிய ரைபிளை 1850களின் பின்பகுதியில்தான் செய்யத் தொடங்கியிருந்தது. லண்டன் ஆர்மரி கம்பெனி தனியாரில் அதே வித்தையைச் செய்தது. மற்ற கடைகளில் பழையபடிதான். ஆக, தன்னார்வலர் கையில் இருந்த இரண்டு ரைபிள்களுக்கு இடையே ஒரு திருகாணிகூடப் பொதுவில்லாமல் இருக்கலாம். தோட்டா மட்டும் பொது. போர்த்துறை தனக்கு எது அவசியம் என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தது.

கடைக்காரர்களுக்கு அடித்த யோகம்

அந்தக் கோடைகாலம் துப்பாக்கிக் கடைகளுக்கு நல்ல வியாபாரம். லண்டன் கடைகளில் பல, துப்பாக்கியை முழுதாகச் செய்யவில்லை. பர்மிங்ஹாமில் செய்த உறுப்புகளை வாங்கி, பூட்டி, மெருகேற்றி, தங்கள் பெயரைப் பொறித்தன. எனவே தகட்டில் லண்டன் விலாசமும் குழலில் பர்மிங்ஹாம் சோதனைச்சாலை முத்திரையும் சேர்ந்து இருந்தால் போலி என்று பயப்பட வேண்டியதில்லை.

தனியாக வாங்கியவர்களுக்குக் குட்டை ரைபிள் மேல் ஒரு மோகம். குழலை மரத்தோடு பிடித்திருக்கும் வளையம் மூன்றுக்குப் பதில் இரண்டு, 33 அங்குலக் குழல், துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட்டு ஈட்டி போல இல்லாமல் வாள் போன்றது. ரைபிள் படைப்பிரிவுக்காரர்கள் வைத்திருப்பது அது. தெருவில் நடந்து போகும்போது எடுப்பாக இருக்கும். இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் வடிகட்டி வெகுநாள் தாங்கவில்லை. ஜூன் மாதமே ஆட்சி மாறி பாமர்ஸ்டன் பிரதமரானார்; போர்த்துறை சிட்னி ஹெர்பர்ட்டிடம் வந்தது. ஆள் சேர்ந்துகொண்டே போனார்கள். எல்லோரிடமும் காசு இல்லை. அரசு முதலில் நூற்றுக்கு 25 பேருக்கு ரைபிள் கொடுக்க ஒப்புக்கொண்டது. பிறகு பாதிப் பேருக்கு. 1860 தொடங்கும்போது எல்லோருக்கும் என்றாகிவிட்டது. கைத்தொழிலாளர்கள் திரளாக வந்தது இதற்குப் பின்தான். 1862இல் தன்னார்வலர் எண்ணிக்கை 1,62,000ஐத் தாண்டியது. 1860 ஜூன் 23 அன்று ஹைட் பார்க்கில் அரசி பார்வையிட ஏறத்தாழ 20,000 பேர் அணிவகுத்தார்கள்.

தனியார் காசில் வாங்கிய தன்னார்வலர் ரைபிளுக்கு உண்டான காலம் இவ்வளவு குறுகியது. 1859 கோடை தொடங்கி ஓராண்டுக்குள் கட்டாயம் போய்விட்டது. அதன்பின் சொந்தமாக வாங்கியவர்கள் ஆசைக்கும் அந்தஸ்துக்கும், முக்கியமாகக் குறிசுடும் போட்டிக்கும் வாங்கியவர்கள்.

அளவுக்குள் அடங்காத ரைபிள்

போட்டி என்றதும் விட்வொர்த் வந்துவிடுவார். திருகாணிப் புரிக்கு நாடு முழுக்க ஒரே அளவு கொண்டுவந்த மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் அவரேதான். ராணுவத் தலைமை கேட்டுக்கொண்டதால் ரைபிளை ஆராயப் புகுந்தவர், தன் வீட்டுத் தோட்டத்தில் 500 கஜ நீளத்துக்கு மூடிய சுடுகூடமே கட்டினார். கடைசியில் அவர் கொண்டுவந்தது அறுகோணத் துளை. குறுக்களவு 0.451 அங்குலம். என்ஃபீல்டில் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்ற 78 அங்குலம் வேண்டும். இதில் 20 அங்குலம் போதும்.

1857இல் ராணுவத்தின் ஹைத் குறிசுடும் பயிற்சிப் பள்ளியில் இரண்டையும் வைத்துச் சுட்டார்கள். 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் இரண்டேகால் அடி. விட்வொர்த்துக்கு அரை அடிகூட இல்லை. 800 கஜத்தில் என்ஃபீல்டு 4 அடிக்கு மேல், விட்வொர்த் 1 அடி. 1,400 கஜத்தில் விட்வொர்த் மட்டும்தான் சுட்டது. இப்படி ஒரு தோல்வி எந்த அரசு ரைபிளுக்கும் நேர்ந்திருக்காது.

ஆனாலும் ராணுவம் எடுத்துக்கொள்ளவில்லை. விலை ஏறத்தாழ நாலு மடங்கு. ஒடுங்கிய துளையில் கரி சீக்கிரம் அடைத்தது. அதற்கும் மேலே, அது 25 கிடையாது. கிடங்கில் குவிந்திருந்த தோட்டா ஒன்றுகூட அதில் இறங்காது. அவ்வளவு நன்றாகச் சுட்ட ரைபிள் பிரிட்டிஷ் படையின் பொதுத் துப்பாக்கி ஆகாமல் பரிசு மேடைக்குப் போனது. 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டன் திடலில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியை அரசி விக்டோரியா தொடங்கிவைத்தார். விட்வொர்த் தானே நின்று தாங்கியில் பொருத்திக் குறிவைத்த ரைபிள். அரசி செய்ய வேண்டியதெல்லாம் பட்டுக் கயிற்றை இழுப்பது. 400 கஜத் தூரத்தில், நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பட்டது. அரசியின் பெயரில் வைத்த 250 பவுண்டு பரிசை வென்றவர் 18 வயது எட்வர்ட் ராஸ். அவர் ஆடிய இறுதிச் சுற்றுக்கும் விட்வொர்த்தான். முதல் சுற்றுக்கு மட்டும் என்ஃபீல்டு.

துளை அளவில் பிடிவாதமாக இருந்ததற்குப் பலன் 1866இல் கிடைத்தது. வாய்வழி கெட்டிக்கும் முறை காலாவதியானபோது, பழைய என்ஃபீல்டின் பின்முனையை வெட்டி, பின்பக்கமாகத் தோட்டா போடும் ஸ்னைடரின் மூடி போட்ட பூட்டைப் பொருத்தினால் போதும் என்றாயிற்று. குழல் அதே குழல், 0.577 அதே 0.577. அரசு ரைபிள்கள் லட்சக்கணக்கில் இப்படி மறுபிறவி எடுத்தன. 1870 வாக்கில் தன்னார்வலர்களும் ஸ்னைடருக்கு மாறினார்கள். சொந்தமாக வாங்கிய கேப்பு ரைபிள்களில் பல மாற்றப்படாமல் வீட்டுச் சுவரில் தங்கிவிட்டன. அதனால்தான் இன்றும் அவ்வளவு நல்ல நிலையில் கிடைக்கின்றன. பிரிட்டனின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், அலங்காரத்துக்காக மட்டும் வைத்திருக்கும் பழம்பொருளுக்கு உரிமம் கேட்பதில்லை. வெடிக்க வேண்டுமென்றால் கேட்கும்.

அதே ரைபிள், வேறு துளை

லண்டன் எழுத்தருக்குக் கிடைத்த ரைபிளை இந்தியச் சிப்பாய்க்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால்தான் இந்த அளவு விஷயம் முழுதாகப் புரியும். 1857இல் டம்டம், அம்பாலா, சியால்கோட் பயிற்சி மையங்களில் சிப்பாய்களுக்கு அறிமுகமான ரைபிள் இதே என்ஃபீல்டுதான். கொழுப்பு தடவிய தோட்டாவைப் பற்றிய கதை நமக்குத் தெரியும். வாயால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்த காகிதம் அதுதான். கலகம் அடங்கியதும் லண்டன் முடிவு செய்தது: சிப்பாய்க்கு இனிமேல் ரைபிள் கிடையாது.

அதற்காகப் புதுத் துப்பாக்கி வடிவமைக்கவில்லை. என்ஃபீல்டின் குழலைக் கடைந்து, புரிகளை அழித்து, 0.656 அங்குலத்துக்கு அகலப்படுத்தினார்கள். அதற்கு 1858 மாதிரி என்று பெயர். கடைந்ததில் குழலின் சுவர் மெலிந்து, புடைக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே கனமான குழலோடு வேறொரு மாதிரி செய்ய வேண்டி வந்தது. குறிபார்க்கும் ஏணியையும் எடுத்துவிட்டு ஒரு நிலையான கட்டையை வைத்தார்கள். எவ்வளவு தூரம் சுட முடியுமோ அதற்கு அந்தக் கட்டை போதும்தானே.

காலத்தைக் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள். பயிற்சியே இல்லாத வங்கி எழுத்தரிடம் 25 அளவில் வாங்கு என்று அரசு கெஞ்சாத குறையாகச் சொன்ன அதே 1859இல், பல போர்களில் நின்ற சிப்பாயின் குழலிலிருந்து புரிகள் கடைந்தெடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. இந்தியாவிலும் தன்னார்வலர் படைகள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் ஆனவை. 1880களின் காங்கிரஸ் மாநாடுகளில், 1887இல் சென்னையில் கூடியது உட்பட, இந்தியர்களையும் தன்னார்வலராகச் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கேட்டார்கள். அரசாங்கம் அசையவில்லை.

இரண்டு துப்பாக்கிகளையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தால், சட்டென்று பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும். அதே மூன்று வளையம், அதே பூட்டு, அதே குதிரை. குழல் வாயில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் புரியின் விளிம்பு விரலில் இடறும். இன்னொன்று வழவழவென்று இருக்கும்.